தெருவில் ரேஸ் ஓடுது... பில் யார் பேர்ல?



எமர்ஜென்சி ஃபண்ட் பற்றி ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுக்குக் கீழே சம்பந்தமே இல்லாம ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, சென்னையில ரோட்டை மூடி கார் ரேஸ் நடத்தினாங்களே, அது நம்ம டாக்ஸ் காசுதானே? அது வேஸ்டா, இன்வெஸ்ட்மென்ட்டா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." நான் பதில் போடறதுக்குள்ளயே கீழே சண்டை ஆரம்பிச்சாச்சு. பாதிப் பேர் "தண்டச் செலவு", பாதிப் பேர் "சென்னைக்குப் பெருமை ப்ரோ".

ஒரே வார்த்தையில சொல்ற விஷயம் இல்லை இது. அதனால்தான் வீடியோ போடாம எழுதறேன். கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு ரேஸ் பிடிக்கும். அதனால என் கருத்துல கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், அதைக் கழிச்சுக்கிட்டே படிக்கலாம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1, இரண்டு நாளும் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 நடந்தப்போ நான் டிக்கெட் வாங்கலை. சனிக்கிழமை சாயங்காலம் சென்ட்ரல்ல இறங்கி திருவல்லிக்கேணி போக ஆட்டோ பிடிச்சேன். வழக்கமான வழி கிடையாது, ஊரைச் சுற்றித்தான் போகணும். அன்னைக்கு மழை வேற. சர்க்யூட்டுக்கான சர்வதேச அமைப்பின் சான்றிதழ் வரத் தாமதமாகி நிகழ்ச்சியே தள்ளிப்போயிருந்தது. ஆட்டோக்கார அண்ணன் மீட்டருக்கு மேல கேட்டார். "சார், கார் ஓட்டறவனுக்கு ரோடு, ஆட்டோ ஓட்டறவனுக்கு டைவர்ஷன்" என்றார். கொடுத்தேன். கொஞ்ச நேரத்துல எங்கிருந்தோ அந்த இன்ஜின் சத்தம் கேட்டது பாருங்க, அவரே வண்டியை ஓரம்கட்டி நிறுத்திட்டார். இரண்டு பேரும் ஒரு நிமிஷம் பேசலை.

அந்த ஒரு நிமிஷம்தான் ரேஸ் நடத்தறவங்க விற்கிற சரக்கு. அதுக்கு என்ன விலை, யார் கொடுக்கிறது என்பதுதான் கேள்வி.

42 கோடி: ரெண்டு பக்கமும் தப்புக் கணக்கு

இந்தப் போட்டிக்காகத் தமிழ்நாடு அரசு செலவழித்ததாக நீதிமன்றம் வரை பேசப்பட்ட தொகை 42 கோடி ரூபாய். உடனே ஒரு கூட்டம் "42 கோடியில எத்தனை பள்ளிக்கூடம் கட்டலாம்" என்று ஆரம்பிக்கும். இன்னொரு கூட்டம் "தமிழ்நாட்டு மக்கள்தொகை ஏழு கோடிக்கு மேல, வகுத்துப் பார், தலைக்கு ஆறு ரூபாய் கூட வராது, ஒரு டீ குடிக்க முடியுமா அதுல" என்று கேட்கும்.

இரண்டுமே நாம நம்ம சொந்தக் காசு விஷயத்துல பண்ற அதே தப்புதான். ஒரு ஓ.டி.டி சந்தாவை "மாசம் வெறும் 149 தானே" என்று வாங்கறது இரண்டாவது வகை. யாராவது ஊட்டிக்கு டூர் போனா "அந்தக் காசை எஸ்.ஐ.பி-ல போட்டிருந்தா இருபது வருஷத்துல எவ்வளவு தெரியுமா" என்று பாடம் எடுக்கறது முதல் வகை. (ஆமா, நானே அப்படி ஒரு வீடியோ போட்டிருக்கேன். இப்போ பார்த்தா கொஞ்சம் கூச்சமா இருக்கு.) தொகை பெரிசா சிறிசா என்பது கேள்வியே இல்லை. இது ஒரு தடவைச் செலவா, வருஷா வருஷம் வர்ற செலவா? முடிஞ்சப்புறம் கையில ஏதாவது மிஞ்சுதா? லாபம் வந்தா யாருக்கு, நஷ்டம் வந்தா யாருக்கு? வீட்டு லோன் வாங்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேட்போம் இல்லையா, அதையே இங்கயும் கேட்போம்.

இதுக்குக் கொஞ்சம் பழைய கதை தெரியணும்.

சோழவரம்: சும்மா கிடந்த சொத்து

சென்னைக்கு ரேஸ் புதுசு என்று நினைக்கிறவங்க உங்க தாத்தாவையோ பெரியப்பாவையோ கேட்டுப் பாருங்க. செங்குன்றம் தாண்டி சோழவரம். இரண்டாம் உலகப் போர் காலத்துல போட்ட விமான ஓடுதளம் ஒண்ணு அங்கே இருந்தது. போர் முடிஞ்சது, விமானம் போயிடுச்சு, கான்கிரீட் மட்டும் வெயில்ல கிடந்தது. 1953-ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்துல ரேஸ் நடத்த ஆரம்பிச்சது. வருஷா வருஷம் பிப்ரவரி மாசம் வந்தா சோழவரம் என்கிற அளவுக்கு அது ஊர்த் திருவிழா மாதிரி ஆச்சு. கூட்டம் ஆயிரக்கணக்கில்.

என்ன வண்டி ஓடிச்சு தெரியுமா? ஹெரால்டு, ஃபியட், அம்பாசடர். வீட்டுல கல்யாணத்துக்குப் போற வண்டியைக் கழட்டி, எடை குறைச்சு, இன்ஜினை நோண்டி எடுத்துட்டு வருவாங்க. பைக்ல ஆர்.டி. 350, யெஸ்டி. நடுவுல மகாராஜா குடும்பத்து ஆட்களும் வருவாங்க. விஜய் மல்லையா அங்கே பழைய ஃபார்முலா 1 கார் ஒண்ணை, என்சைன் என்ற கம்பெனியோடது, கொண்டுவந்து ஓட்டியிருக்கார். அவர் பிற்பாடு எதை எங்கே ஓட்டினார் என்பது பேங்க்காரங்களுக்குத் தெரியும், நமக்கெதுக்கு.

நம்ம பாஷையில் சொன்னா, சோழவரம் ஒரு அருமையான டீல். உபயோகம் இல்லாம கிடந்த சொத்து. புதுசா பெரிய முதலீடு கிடையாது, யாரோட வீட்டு வாசலும் மறையாது, ஆம்புலன்ஸ் சுத்திப் போக வேண்டியதில்லை. குறைன்னா பாதுகாப்புதான். வேகம் கூடக் கூட ஓடுதளம் தாங்காது என்ற நிலை வந்தது. கிளப் என்ன பண்ணிச்சு? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமா நிலம் வாங்கி ட்ராக் கட்டிச்சு. 1990-ல திறந்தாங்க. சுமார் 3.7 கிலோமீட்டர். ரேஸுக்காகவே இந்தியாவுல கட்டின முதல் சர்க்யூட் அதுதான். வாடகை வீட்டுல இருந்து சொந்த வீட்டுக்குப் போன மாதிரி.

உலகம் முழுக்கவும் கதை ஏறக்குறைய இப்படித்தான். ஆரம்பத்துல ரேஸ் எல்லாமே பொதுச் சாலைலதான். 1903-ல பாரிஸ்ல கிளம்பி மாட்ரிட் போற ரேஸ் ஒண்ணு. வழியில ஓட்டுநர்களும் வேடிக்கை பார்த்தவங்களும் செத்து விழ, போர்டோ என்ற ஊரோட நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம்தான் வேலி போட்ட ட்ராக் என்ற யோசனை வேகம் பிடிச்சது. 1907-ல இங்கிலாந்துல ப்ரூக்லேண்ட்ஸ் வந்தது. மொனாக்கோ மாதிரி சில ஊர்கள் மட்டும் 1929-ல இருந்து தெருவை விடாம பிடிச்சுக்கிட்டாங்க.

அப்போ ட்ராக்குக்குப் போன ரேஸ் ஏன் இப்போ திரும்பத் தெருவுக்கு வருது? கூட்டம் ட்ராக்குக்கு வராததால்தான். இருங்காட்டுக்கோட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை வெயில்ல யார் வருவாங்க? அதே கார் நேப்பியர் பாலத்துல லைட் வெளிச்சத்துல போனா டிவி-யில பாக்கறவன் கூட "ஏய், இது நம்ம ஊருடா" என்பான். ஸ்பான்சருக்கு வேண்டியது அந்த 'ஏய்'தான்.

சொந்த வீடா, வாடகையா?

நம்ம பதிவுல அடிக்கடி வர்ற சண்டை இது. ரேஸுக்கும் அப்படியே பொருந்தும். நிரந்தர ட்ராக் என்பது சொந்த வீடு. தெரு சர்க்யூட் என்பது வாடகை. ஒவ்வொரு வருஷமும் தடுப்புச் சுவர் இறக்கணும், வலை கட்டணும், விளக்கு போடணும், சாலையைத் திரும்பப் போடணும், மேன்ஹோல் மூடியை எல்லாம் இறுக்கணும். (அமெரிக்காவுல லாஸ் வேகாஸ்ல 2023-ல அவ்வளவு காசு கொட்டி நடத்தின ஃபார்முலா 1-ல, பயிற்சி ஆரம்பிச்ச பத்து நிமிஷத்துக்குள்ள தரையில இருந்த ஒரு மூடி பெயர்ந்து ஃபெராரி காரோட அடிப்பாகத்தைக் கிழிச்சது. நம்ம ஊர் மேன்ஹோலை மட்டும் திட்டாதீங்க.) ரேஸ் முடிஞ்சா எல்லாத்தையும் கழட்டணும். அடுத்த வருஷம் மறுபடி.

"அப்போ சொந்த வீடுதான் நல்லது" என்று அவசரப்பட்டுச் சொல்லிடாதீங்க. கிரேட்டர் நொய்டாவுல புத் சர்க்யூட் இருக்கு. சுமார் 2,000 கோடி ரூபாய் செலவு என்று அப்போ பேசினாங்க. தனியார் கம்பெனி கட்டினது, 5 கிலோமீட்டருக்கு மேல, உலகத் தரம். 2011, 2012, 2013, மூணே மூணு ஃபார்முலா 1 ரேஸ். மூணுலயும் செபாஸ்டியன் வெட்டல் ஜெயிச்சார். முதல் வருஷம் பயிற்சியில ட்ராக்குக்குள்ள ஒரு நாய் ஓடி ரேஸ் காரை நிறுத்தினது உலகம் முழுக்க செய்தி. ஆனா சர்க்யூட்டைக் கவிழ்த்தது நாய் இல்லை, வரி. இது விளையாட்டு இல்லை, கேளிக்கை என்று மாநில அரசு கேளிக்கை வரி கேட்டது. உள்ளே வர்ற கார், டயர் எல்லாத்துக்கும் சுங்கம். அதோட முடிஞ்சது. 2023-ல ஒரே ஒரு தடவை மோட்டோ ஜி.பி. பைக் ரேஸ் நடந்தது, அடுத்த வருஷம் அதுவும் இல்லை. கட்டின குழுமத்தோட முக்கிய கம்பெனி 2024-ல திவால் நடவடிக்கைக்குப் போயிடுச்சு.

ஊருக்கு வெளியே பெரிய வில்லா வாங்கி, இ.எம்.ஐ. கட்ட முடியாம, வாடகைக்கும் ஆள் கிடைக்காம தவிக்கிற நண்பர் உங்களுக்கும் ஒருத்தர் இருப்பார். அதே கதை, கொஞ்சம் பெரிய சைஸ்.

ஆக, வாடகை தப்பில்லை. வாடகையை யார் கொடுக்கிறாங்க என்பதைத்தான் பார்க்கணும்.

சிங்கப்பூர் எப்படிக் கணக்குப் போடுது?

இந்த விஷயத்துல எனக்குப் பிடிச்ச உதாரணம் சிங்கப்பூர். அங்கயும் பழைய கதை ஒண்ணு உண்டு. 1961-ல இருந்து 1973 வரைக்கும் தாம்சன் ரோடு என்ற பொதுச் சாலையிலேயே கிராண்ட் ப்ரீ நடத்தினாங்க. ஆபத்து, போக்குவரத்துத் தொல்லை என்று நிறுத்திட்டாங்க. முப்பத்தைந்து வருஷம் கழிச்சு 2008-ல மெரினா பே தெருக்கள்ல, ராத்திரியில, ஃபார்முலா 1. ஃபார்முலா 1-ல முதல் ராத்திரி ரேஸ் அது.

செலவு? ஆரம்பத்துல வருஷத்துக்குச் சுமார் 15 கோடி சிங்கப்பூர் டாலர். அதுல 60 சதவீதம் அரசு, மீதி ரேஸ் நடத்தற தனியார் ஆள். இதை ஒளிச்சு வைக்கலை, வெளிப்படையா சொன்னாங்க. பிற்பாடு செலவு 13.5 கோடியா குறைஞ்சது, அதையும் சொன்னாங்க. 2022-ல ஒப்பந்தத்தை 2028 வரை நீட்டிச்சப்போ, இதுவரைக்கும் இந்த ரேஸால கூடுதலா வந்த சுற்றுலா வருவாய் 150 கோடி டாலருக்கு மேல என்று கணக்கு கொடுத்தாங்க.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. அதுவரைக்கும் நடந்த ரேஸ் 12 (கொரோனாவுல இரண்டு வருஷம் இல்லை). 150-ஐ 12-ஆல வகுத்தா ரேஸுக்கு 12.5 கோடி டாலர். அரசோட பங்கு எட்டு, ஒன்பது கோடி. "சூப்பர், லாபம்!" என்று கத்தத் தோணும். கத்தாதீங்க. சுற்றுலா வருவாய் என்பது அரசோட கைக்கு வர்ற காசு இல்லை. அது ஹோட்டல்காரர், டாக்ஸிக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர் கல்லாவுல விழற மொத்த வியாபாரம். அதாவது டர்ன்ஓவர். டர்ன்ஓவர் வேற, லாபம் வேற. உங்க நண்பர் "என் கடையில மாசம் பத்து லட்சம் வியாபாரம்" என்று சொன்னா அதுல எவ்வளவு கையில நிக்குது என்று கேட்போம் இல்லையா.

அரசுக்கு எப்படித் திரும்பி வரும்? இங்கேதான் சிங்கப்பூர்க்காரன் மூளை. ரேஸ் நடக்கிற நாட்கள்ல ஹோட்டல் அறை வருமானத்து மேல தனி வரி போட்டாங்க. முதல் வருஷம் ட்ராக்கை ஒட்டின ஹோட்டலுக்கு 30 சதவீதம், மற்ற ஹோட்டலுக்கு 20 சதவீதம். ஹோட்டல்காரங்க முணுமுணுத்தாங்க. ஆனா நியாயம் பாருங்க: ரேஸ் இருக்கிறதால ஒரு அறையை மூணு மடங்கு விலைக்கு விக்கறது நீ, அப்போ ரேஸ் செலவுல பங்கு கொடுக்க வேண்டியதும் நீ. அங்மோகியோவுல அடுக்குமாடி வீட்டுல இருக்கிற பஸ் டிரைவர் இல்லை.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். ஸ்பெயின்ல வேலன்சியா. அதே 2008-ல துறைமுகத்தைச் சுற்றித் தெரு சர்க்யூட். பொதுமக்களுக்கு ஒரு காசு செலவில்லை, எல்லாம் தனியார் பார்த்துக்கும் என்று அந்த மாநில அரசு வாக்குக் கொடுத்தது. அஞ்சு வருஷம் ஓடிச்சு. நடத்தின தனியார் கம்பெனியால சமாளிக்க முடியலை. கடைசியில அந்தக் கம்பெனியையே அரசு ஒரு யூரோவுக்கு வாங்க வேண்டி வந்தது. ஒரு யூரோன்னா மலிவுன்னு நினைக்காதீங்க, கூட வந்தது கடன். 2012-க்கு அப்புறம் ரேஸ் இல்லை. சர்க்யூட் இருந்த இடத்துல புல் முளைச்சது.

"ஜீரோ காஸ்ட்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் எனக்கு வேலன்சியாதான் ஞாபகம் வரும். நோ காஸ்ட் இ.எம்.ஐ. உட்பட.

நம்ம பக்கத்து ஊர் ஹைதராபாத் கதையும் கேளுங்க. 2023 பிப்ரவரியில ஹுசைன் சாகர் கரையில எலெக்ட்ரிக் கார்களோட ஃபார்முலா ஈ. நல்லாத்தான் நடந்தது. ஆட்சி மாறினது. 2024-ல நடக்க வேண்டியது ரத்து. அதுக்காகக் கொடுத்த பணம் பற்றிப் பிறகு வழக்கும் விசாரணையும். தெரு சர்க்யூட்டுல இந்த ரிஸ்க் எப்பவும் உண்டு. ரோடு அரசோடது. அரசு மாறினா ரோடு கிடைக்காது. எந்த ஸ்பான்சர் பத்து வருஷத்துக்குக் காசு போடுவான்?

இப்போ சென்னை

நம்ம ரேஸ் முதல்ல 2023 டிசம்பர் 9, 10 தேதிகள்ல நடக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து ஊரே தண்ணியில நின்னது. தள்ளி வெச்சாங்க. அந்த வாரம் வீட்டுக்குள்ள தண்ணி வந்தவங்களுக்கு ரேஸ் என்ற வார்த்தையே எரிச்சலா இருந்திருக்கும், நியாயம்தான். அதுக்கு முன்னாடியே வழக்கும் போட்டாச்சு. பக்கத்துல அரசு பொது மருத்துவமனை, ஓமந்தூரார் மருத்துவமனை. சத்தமும் போக்குவரத்தும் நோயாளிகளுக்குத் தொந்தரவு என்பது ஒரு வாதம். இன்னொண்ணு, ஒரு தனியார் கம்பெனி நடத்தற போட்டிக்கு அரசுப் பணம் எதுக்கு?

2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் போட்டிக்கு அனுமதி கொடுத்தது. கூடவே, அரசு செலவழிச்ச 42 கோடியை நடத்தற நிறுவனம் திருப்பித் தரணும், அடுத்து நடக்கிற போட்டிக்கு 15 கோடியை முன்கூட்டியே கட்டணும் என்று நிபந்தனை. நிறுவனம் மேல்முறையீடு போனது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் போட்டிக்கான அனுமதியை அப்படியே வெச்சுக்கிட்டு, பண நிபந்தனைகளை மட்டும் எடுத்துடுச்சு. செலவை எப்படிப் பங்கு போடறது என்பது அரசோட கொள்கை முடிவு, அதுல நீதிமன்றம் நுழையறது சரியில்லை என்பது சாராம்சம்.

சட்டப்படி அது சரியாவே இருக்கட்டும். நான் வக்கீல் இல்லை. ஆனா ஒண்ணு கவனிங்க: நீதிமன்றம் முடிவு பண்ண முடியாது, அரசுதான் முடிவு பண்ணணும் என்றால், அரசுகிட்ட கேட்க வேண்டியது நாம. "ரேஸ் வேணுமா வேண்டாமா" என்று கேட்டா அது அரசியல் சண்டையா போயிடும். கேட்க வேண்டியது வேற. டிக்கெட் வசூல் எவ்வளவு, அதுல அரசுப் பங்கு உண்டா? போட்ட ரோடும் தடுப்பும் யார் சொத்து, கிடங்குல இருக்கா, மறுபடி உபயோகமா? அந்த இரண்டு ராத்திரி அண்ணா சாலை ஹோட்டல்ல எத்தனை அறை கூடுதலா போச்சு? போனதுன்னா அவங்க என்ன கொடுத்தாங்க? ஒரு பக்கம் போதும், அதுல எழுதிக் கொடுத்துடலாம்.

என் கருத்து கேட்டா: நடத்தட்டும். மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு, அரசோட பங்குக்கு உச்சவரம்பு வெச்சு, அதுக்கு மேல போனா நடத்தறவர் பொறுப்பு என்று எழுதி, ரேஸ் நாட்கள்ல பக்கத்து நட்சத்திர ஹோட்டலுக்குத் தனிக் கட்டணம் போட்டு, முடிஞ்ச தொண்ணூறு நாளுக்குள்ள கணக்கை வெளியிட்டா நானே முதல் வரிசை டிக்கெட் வாங்குவேன். அப்படி ஒரு கணக்கு வராத வரைக்கும் அதை இன்வெஸ்ட்மென்ட் என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க. செலவு என்று சொல்லுங்க. செலவு கெட்ட வார்த்தை இல்லை. தீபாவளிக்குப் பட்டாசு வாங்கறோம், அதை யாரும் அசெட் என்று சொல்லிக்கறதில்லையே.

2025-ல அதே தொடர் சென்னைக்கு வந்தப்போ ரேஸ் நடந்தது தெருவுல இல்லை, இருங்காட்டுக்கோட்டையில. நேப்பியர் பாலம் இல்லாததால சத்தமும் இல்லை, சண்டையும் இல்லை.

எனக்கு உண்மையில உறுத்தற விஷயம்

கணக்கை விட இதுதான் எனக்குப் பெரிசு. நாராயண் கார்த்திகேயன் 2005-ல ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா 1-ல இறங்கின முதல் இந்தியர் ஆனார். கோயம்புத்தூர்க்காரர். அவர் அப்பாவே பெரிய ராலி ஓட்டுநர். 2010-ல வந்த கருண் சந்தோக் சென்னைக்காரர். அவங்க தாத்தா மெட்ராஸ் கிளப்பை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். இரண்டு பேர் திறமையிலயும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா உங்க வீட்டுலயோ என் வீட்டுலயோ அந்தத் திறமை பிறந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அப்பா எல்.ஐ.சி. பாலிசியை உடைச்சாலும் ஒரு சீசன் தாண்டாது.

அந்தச் சுவரை உடைக்கப் பார்த்த ஆள் கோயம்புத்தூர் கரிவரதன். எண்பதுகளோட கடைசியில, மாருதி 800 இன்ஜினை வெச்சே ஒற்றை இருக்கை ரேஸ் கார் செஞ்சார். ஃபார்முலா மாருதி. இன்ஜின் எந்த ஊர் ஒர்க்‌ஷாப்லயும் கிடைக்கும், மெக்கானிக் எவனுக்கும் புரியும். நாராயண் முதல் ரேஸ் ஓட்டினதே அந்த வகைக் கார்லதான், இதே ஸ்ரீபெரும்புதூர் ட்ராக்லதான். நடிகர் அஜித் பைக் ரேஸ்ல ஆரம்பிச்சு 2010-ல ஃபார்முலா 2 வரைக்கும் போனதும் இதே ஊர் ட்ராக்குகள்ல பழகித்தான். கரிவரதன் 1995-ல விமான விபத்துல போயிட்டார். கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல அவர் பேர்ல ட்ராக் இருக்கு.

பைக்ல இன்னும் கொஞ்சம் நல்ல நிலைமை. டி.வி.எஸ். மாதிரி கம்பெனிகள் ஒன் மேக் ரேஸ் நடத்தறாங்க. எல்லாருக்கும் ஒரே பைக், கம்பெனியே தயார் பண்ணிக் கொடுக்கும். நீங்க செலக்‌ஷன்ல தேறி, கியர் போட்டுக்கிட்டு வந்தா போதும். அப்பா பணக்காரரா என்று ட்ராக் கேட்காது. தெரு ரேஸுக்குப் போற காசுல பத்துல ஒரு பங்கை இந்த மாதிரி ஏணிக்கு ஒதுக்கணும் என்று ஒப்பந்தத்துலயே எழுதினா, அப்போ நான் இன்வெஸ்ட்மென்ட் என்ற வார்த்தையை நானே உபயோகிப்பேன்.

உங்களுக்கு ஒண்ணு, நேரா

இதை எழுதாம விட மனசில்லை. ஒவ்வொரு தடவை ஊர்ல ரேஸ் நடந்ததும் அடுத்த சனிக்கிழமை ராத்திரி ஈ.சி.ஆர்.ல அது நடக்கும். புது வேலை, முதல் போனஸ், மூணு லட்ச ரூபாய் பைக், நாலு வருஷ லோன். உங்கள்ல சில பேர் எனக்கு மெயில்லயே பைக் போட்டோ அனுப்பியிருக்கீங்க. அழகாத்தான் இருக்கு.

உங்க பைக் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுங்க. 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். ரேஸ், வேகச் சோதனை இரண்டுக்கும் கவர் கிடையாது. அப்போ விழுந்தா வண்டிக்கு ஒரு ரூபாய் வராது, லோன் மட்டும் மாசா மாசம் வரும். எதிர்ல வந்தவருக்கு அடிபட்டா, இன்ஷூரன்ஸ் கம்பெனி அதையும் மறுக்கிறதுக்குச் சட்டத்துலயே இடம் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 189-ம் பிரிவு: பொதுச் சாலையில ரேஸ் ஓட்டினா முதல் தடவை மூணு மாசம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா இரண்டும். மறுபடி மாட்டினா ஒரு வருஷம், 10,000. பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசிகள்லயும் ரேஸ் பெரும்பாலும் விலக்கு. 2025 ஜூலையில உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல, தன்னோட சொந்த அஜாக்கிரதையால விபத்துல இறந்தவர் குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை என்ற தீர்ப்புல தலையிட மறுத்தது. அந்தக் குடும்பத்துல மனைவி, பிள்ளை, பெற்றோர் எல்லாரும் இருந்தாங்க.

வேகம் வேணும்னா இருங்காட்டுக்கோட்டையிலயும் செட்டிபாளையத்துலயும் ட்ராக் டே, பயிற்சிப் பள்ளி எல்லாம் உண்டு. காசு ஆகும். ஹெல்மெட், லெதர் சூட், பூட்ஸ் வாடகைக்கும் கிடைக்கும். உங்க ஜாலி பட்ஜெட்ல மூணு மாசம் சேர்த்தா ஒரு நாள் வரும். போறதுக்கு முன்னாடி டேர்ம் பாலிசி எடுக்கிறவங்க ப்ரபோசல் ஃபார்ம்ல ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்று கேட்டிருந்தா மறைக்காம எழுதுங்க. பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், ஏறட்டும்.

ரேஸ் பார்க்க மட்டும் ஆசைன்னா இருங்காட்டுக்கோட்டைக்கே வாங்க. பூந்தமல்லியில இருந்து ஸ்ரீபெரும்புதூர் பஸ். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணி பாட்டிலும் மறக்காதீங்க. போன தடவை நான் மறந்துட்டேன், இரண்டு நாள் மூக்குத் தோல் உரிஞ்சது.